கொம்புமுறியும் விளையாட்டு ஒழுக்கமும்



விளையாட்டு உடலுக்கு உரம் தருவது என்பதை எல்லோரும் அறிவர். அஃது உள்ளத்துக்கு என்ன தருகிறது என்று கேட்டால் விடை கூறுதல் அத்துணை எளிதன்று. வெற்றி பெற்றவன் மகிழ்கிறான். அதற்குப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. தோற்றவன் என்ன செய்கிறான், வென்றவன் தோற்றவனை எவ்வாறு நடத்துகிறான், ஆட்டம் முடிந்த மறுநாட் காலையில் இருவரும் தெருவில் எதிர்ப்பட்டால் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பனவற்றிலேயே விளையாட்டின் பண்பாடு அடங்கியிருக்கிறது. இதனையே விளையாட்டு ஒழுக்கம் என்கிறோம்.

இவ்வொழுக்கத்தை ஆங்கிலேயர் கிரிக்கெட் மட்டையோடு கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து நமக்குக் கற்பித்தனர் என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் முழு உண்மையாகாது. திருவள்ளுவர் சான்றாண்மையைப் பற்றிக் கூறுமிடத்து, ஒருவனுடைய சால்பு பொன்னோ பித்தளையோ என்று காட்டும் உரைகல் யாது என்று வினவுகிறார். தனக்கு ஒப்பாகாதவரிடத்தும் தோல்வியை ஒப்புக்கொள்ளுதலே அவ்வுரைகல் என்பது அவர் தரும் விடை. நூலிற் சொன்னதை ஊரிற் பழக்குவதற்கு நம் முன்னோர் ஏதேனும் வழி வைத்திருந்தனரா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள். வைத்திருந்தனர். அவ்வழிகளுள் ஒன்று தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவாய் இருந்தது. மட்டக்களப்புத் தமிழர் அதனைக் கொம்புமுறி என்றனர். சிங்கள மக்கள் அங்கெலிய என்றனர். 'அங்' என்பது சிங்களத்திற் கொம்பு. 'கெலிய' என்பது விளையாட்டு.

முதலில் நிலத்தின் அமைப்பை நினைவிற்கொள்வோம். மாத்தளை மாவட்டத்தின் கீழ்க்கோடியில், நக்கிள்ஸ் மலைத்தொடர் சரிந்து மகாவலி கங்கையை நோக்கித் தாழும் இடத்தில் வில்கமுவ இருக்கிறது. ஒரு பக்கம் மலை. ஒரு பக்கம் ஆறு. வடக்கே 1984ஆம் ஆண்டிற் பிரகடனஞ் செய்யப்பட்ட வஸ்கமுவ தேசிய வனம். மினிப்பே இடதுகரைக் கால்வாயின் நீரால் வயல் விளையும் இப்பகுதி, படத்திற் பார்ப்பவருக்கு ஒதுக்குப்புறமாகத் தோன்றும். ஆயின் மகாவலிப் பள்ளத்தாக்கு ஒருகாலத்தில் மலைநாட்டுக்கும் கீழைக்கரைக்கும் இடையே பெருவழியாய் இருந்தது. 1602ஆம் ஆண்டில் மட்டக்களப்பிற் கரையிறங்கிய ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன், வில்கமுவவுக்குத் தெற்கே மகாவலிக் கரையிலுள்ள மகியங்கனைப் பகுதியாகிய விந்தனையைக் கடந்தே கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் காணச் சென்றான். கீழைக்கரைப் பொருள்கள் மலைக்கு ஏறின. மலைநாட்டுப் பொருள்கள் கரைக்கு இறங்கின. பொருள் சென்ற வழியில் வழிபாடும் சென்றது. வழிபாட்டோடு விளையாட்டும் சென்றது.

அந்த வழிபாடு கண்ணகி வழிபாடு. சேரன் செங்குட்டுவன் பத்தினிக்கு விழா எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் அங்கிருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறும். கஜபாகு மன்னன் பத்தினி வழிபாட்டை இந்நாட்டுக்குக் கொணர்ந்தான் என்பது சிங்களவரிடையே வழங்கும் மரபு. கண்டி மாநகரில் எசல பெரகராவிற் பங்குகொள்ளும் நான்கு தேவாலயங்களுள் ஒன்று பத்தினிக்குரியது. மட்டக்களப்புப் பகுதியிற் காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் முதலிய ஊர்களில் வைகாசித் திங்களிற் கண்ணகை அம்மன் சடங்கு நடைபெறுகிறது. அங்கே கட்டாடியார் பூசை செய்வார். இங்கே கபுறாளை பூசை செய்வார். பெயர்கள் வேறு, தெய்வம் ஒன்று.

கொம்பு விளையாட்டு எவ்வாறு தோன்றிற்று என்பதற்கு இரு மொழியினரும் ஏறத்தாழ ஒரே கதையைக் கூறுவர். கோவலனும் கண்ணகியும் ஒருநாள் சண்பகப்பூக் கொய்யச் சென்றனராம். பூ உயரத்தில் இருந்தது. இருவரும் கொக்கத்தடி கொண்டு கிளையை வளைத்தபோது, ஒன்றன் கொக்கை மற்றொன்றிற் சிக்கிக்கொண்டது. இருவரும் இழுத்தனர், இருபக்கத்துத் தோழரும் தோழியரும் கூடிநின்று இழுத்தனர். ஒரு கொக்கை முறிந்தது; ஆரவாரம் எழுந்தது. சிங்களக் கதையிற் கோவலனுக்குப் பாலங்க என்று பெயர். கணவன் மனைவியரிடையே ஒரு பூவின் பொருட்டு நிகழ்ந்த விளையாட்டுப் பிணக்கே பின்னர் ஊர் விளையாட்டாயிற்று என்பது இதன் கருத்து.

கதையை வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை. எனினும் இக்கதையைப் படைத்தவர்களின் உள்ளத்தை நாம் உணரவேண்டும். போட்டியின் மூலத்தை அவர்கள் இரு பகைவரிடையே வைத்தாரில்லை. ஒரே வீட்டில் வாழும் இருவரிடையே வைத்தனர். இழுக்கும்வரை எதிரிகள்; முறிந்தபின் மீண்டும் ஒரே அடுப்பிற் சமைத்த சோற்றை உண்பவர்கள். விளையாட்டு ஒழுக்கத்தின் முதற்பாடம் கதையிலேயே அமைந்துவிட்டது.

இனி ஆட்டத்தைக் காண்போம். கொம்பு இழுப்பதற்கு முன்னோடியாக அமைவது போர்த்தேங்காய். யாழ்ப்பாணத்திலும் சித்திரை வருடப்பிறப்பின்போது இவ்விளையாட்டு நிகழ்ந்ததைப் பெரியோர் பலர் அறிவர். தடித்த ஓடுடைய தேங்காயாகத் தேடிப் பொறுக்கி, ஒருவன் தன் காயை நிலத்தில் வைப்பான். மற்றவன் தன் கையிலுள்ள காயால் அதனை அடிப்பான். எந்தக் காய் உடைகிறதோ அந்தக் காய்க்குரியவன் தோற்றான். சிங்கள ஊர்களில் ஒருவன் எறியும் காயை எதிர்ப்பக்கத்தான் தன் கையிலுள்ள காயினால் எதிர்கொள்வான். அவர்கள் அதற்குச் சூட்டிய பெயர் 'பொரபொல்'. சிங்களத்தில் 'பொல்' என்பது தேங்காய். 'பொர' என்பது போர். இரு மொழியினரும் ஒரே விளையாட்டுக்கு ஒரே பெயரை வைத்திருக்கின்றனர்.

இந்த ஆட்டத்தில் நடுவர் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். உடைந்த தேங்காயிலிருந்து நீர் ஒழுகுவதை எல்லோரும் காண்கின்றனர். உடையவில்லை என்று சாதிப்பதற்கு வழியில்லை. ஏமாற்றுவதற்கு இடமுண்டாயின், காயைத் தெரிவுசெய்யும்போதே அவ்விடம் உண்டு. ஆதலால் ஒருவர் காயை மற்றவர் வாங்கிப் பார்ப்பதும், தட்டிக் கேட்பதும், ஓட்டைத் தடவிச் சோதிப்பதும் தவறாகக் கருதப்படவில்லை. ஐயத்தை ஆட்டத்துக்கு முன்னரே தீர்த்துக்கொள். ஆடியபின் ஐயப்படாதே என்பது அதிற் பொதிந்துள்ள நெறி.

போர்த்தேங்காய்க்குப் பின்னர் வருவதே கொம்பு. முற்காலத்தில் மலைநாட்டில் மரைக்கொம்பு பயன்பட்டது. வளைந்து வைரமேறிய மரக்கொம்பும் வேரும் பயன்பட்டன. இரு பக்கத்தாரும் தத்தம் கொம்பைத் தேடிக் காட்டுக்குச் செல்வர். கொணர்ந்த கொம்புகளை ஒன்றன் வளைவில் மற்றொன்றை மாட்டிக் கயிற்றால் இறுகப் பிணைப்பர். ஒரு கொம்பை உறுதியான மரத்தில் அல்லது நட்ட தூணிற் கட்டுவர். மற்றதனோடு பெருங்கயிற்றைப் பொருத்தி இழுப்பர். சிங்களவர் அந்த மரத்தை 'அங்கஹ', அதாவது கொம்புமரம் என்பர். அதற்கெதிரே குழியில் அசையும்படி நிறுத்திய தென்னந்தூணை 'ஹெனகந்த', அதாவது இடித்தூண் என்பர். இழுக்க இழுக்கக் கயிறு முறுகும், மரம் நெரியும், இறுதியில் இடி இடித்தாற்போன்ற ஓசையுடன் ஒரு கொம்பு முறியும்.

முறிந்த கொம்புக்குரியவர் தோற்றவர். இங்கும் நடுவருக்கு வேலையில்லை. தோளுரத்தால் வென்றேன் என்று தனியொருவன் மார்தட்டுதற்கும் இடமில்லை. கொம்பின் வைரமே தீர்ப்பளிக்கிறது. கொம்பு முறிந்தது தெய்வத்தின் திருவுளம் என்று ஊர் கொண்டது. தோற்றவன் தன்னை இழிந்தவனாக எண்ணவேண்டிய தேவை அதனாற் குறைந்தது.

அடுத்து, கட்சி பிரியும் முறையைப் பார்ப்போம். இவ்விளையாட்டின் ஆழமான அறிவு இவ்விடத்திலே இருக்கிறது. மட்டக்களப்பில் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகும். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். சிங்கள ஊர்களில் உடுபில, யட்டிபில எனப் பெயர். உடுபில மேற்பக்கம், அது பாலங்கவுக்குரியது. யட்டிபில கீழ்ப்பக்கம், அது பத்தினிக்குரியது. எந்தப் பக்கத்திற் சேர்வது என்பதை ஒருவன் தன் விருப்பப்படி தீர்மானித்தானில்லை. பெரும்பாலும் தந்தையின் பக்கமே மகனுக்குரியதாயிற்று.

மட்டக்களப்பிற் குடி என்னும் உறவுமுறை தாய்வழியாக வருவது. கொம்புக் கட்சியோ தந்தைவழியாக வந்தது. இதன் விளைவு யாது? ஒரே குடியைச் சேர்ந்தவர்கள் இரு சேரிகளிலும் பரந்திருப்பர். மனைவி பிறந்த வீடு தென்சேரியாகவும் கணவன் வீடு வடசேரியாகவும் இருத்தல் கூடும். அப்போது மைத்துனன் எதிரே நிற்பான். மாமன் எதிரே நிற்பான். எதிரே நிற்பவனை என்றும் பகைவனாக வைத்திருக்க உறவு இடங்கொடாது. இரு கட்சிகளை ஏற்படுத்திய அதே ஊர், அக்கட்சிகள் இரண்டு ஊர்களாகப் பிளந்துபோகாதபடி உறவு என்னும் கயிற்றாற் குறுக்கே தைத்தும் வைத்தது.

புறநானூற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றியிருந்தான்; உள்ளே அடைத்துக்கொண்டிருந்தவன் நெடுங்கிள்ளி. இருவரும் ஒரே குடியினர். கோவூர்கிழார் என்னும் புலவர் அவர்களிடையே சென்றார். எதிரே நிற்பவன் அணிந்திருப்பது பனம்பூவும் அன்று, வேம்பும் அன்று. இருவர் மார்பிலும் ஆத்திமாலையே இருக்கிறது. எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. இருவரும் வெல்லுதல் இயலாது என்று எடுத்துரைத்தார். அப்புலவர் அரசருக்குச் சொல்லிய அறிவுரையைக் கொம்புமுறி ஆடிய ஊர்கள் சொல்லாமலே அறிந்திருந்தன.

கொம்பு முறிந்தபின் நிகழ்வது யாது? வென்ற கொம்பை அலங்கரித்து ஊர்வலமாகக் கொண்டுசெல்வர். வென்றவர் பாட்டுப் பாடுவர். அப்பாட்டு வசைப்பாட்டு. தோற்ற பக்கத்தாரை நகைப்பதும், இழித்துரைப்பதும், சில இடங்களிற் செவி பொறுக்காத சொற்களைச் சொல்வதும் அதில் உண்டு. தோற்றவர் தலைகுனிந்து அதனைக் கேட்டுக்கொள்ளவேண்டும் என்பது மரபு.

கண்டி இராச்சியத்தில் இரண்டாம் இராஜசிங்கன் காலத்திற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிருப்பாய் வாழ்ந்த ஆங்கிலேயன் றொபேட் நொக்ஸ், தப்பிச் சென்று 1681இல் வெளியிட்ட நூலில் இவ்விளையாட்டைக் குறித்திருக்கிறான். கொடுநோய் பரவுங் காலத்தில் தெய்வத்தைச் சாந்திசெய்யும் பொருட்டு வளைந்த இரு தடிகளைக் கொளுவி இழுக்கின்றனர் என்று விவரித்த அவன், பின்னர் நிகழும் ஆட்டமும் பேச்சும் எழுதத் தகாதவை என்று வெறுத்து விட்டுவிடுகிறான். நொக்ஸ் கண்டது பொய்யன்று. அவ்வசைப்பாட்டை இன்று நாம் ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொல்லவும் கூசுவோம்.

அவ்வாறாயின், இதனை ஒழுக்கம் என்று எப்படிக் கூறலாம் என்று நேயர்கள் வினவுதல் கூடும். வினா நியாயமானதே. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர, பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984இல் வெளியிட்ட பெருநூலில் அங்கெலியவை விரிவாக ஆராய்ந்தார். ஊரில் அடங்கிக் கிடக்கும் மனப்புழுக்கம் வெளிப்படுவதற்கு அது வழியாய் இருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். ஆசிரியத் தொழில் செய்பவர்களுக்கு இது புதிதன்று. முப்பது மாணவரை ஒரு வகுப்பறையில் வைத்திருப்பவர், கோபமே கொள்ளாத வகுப்பை எதிர்பார்ப்பதில்லை. கோபத்துக்கு ஓர் இடமும் ஒரு வேளையும் ஓர் எல்லையும் வகுத்துக் கொடுப்பதே அவர் செய்யக்கூடியது.

கொம்பு விளையாட்டில் அவ்வெல்லைகள் இருந்தன. வசைக்கு இடம் வகுக்கப்பட்டது. அது கொம்பு முறிந்த களம். வேளை வகுக்கப்பட்டது, அது சடங்கு நிகழும் நாட்கள். உருவம் வகுக்கப்பட்டது, மட்டக்களப்பில் அது தாளத்தோடு கூடிய பாட்டாக வந்தது. ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைக் கத்துபவன் அடுத்த கணத்திற் கையை ஓங்குவான். எதுகையும் தாளமும் பார்த்து வசைபாடுபவனுக்கு, வசை நடுவிலேயே சிரிப்பும் வந்துவிடும், கேட்பவனுக்கும் வந்துவிடும். இம்முறை வென்றவர் அடுத்தமுறை தோற்கலாம் என்பதையும் இரு சேரியாரும் அறிவர். இன்று நான் பாடுவதை நாளை நான் கேட்க நேரும் என்ற நினைவைவிட வலிய கடிவாளம் நாவுக்கு இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வசையோடு ஆட்டம் முடிவதில்லை. கண்ணகி சினந்தெழுந்து மதுரையை எரித்த தெய்வம். ஆதலின் மட்டக்களப்பில் அம்மன் சடங்கின் நிறைவாகக் குளிர்த்தி நடைபெறும். தெய்வத்தின் வெம்மை தணிந்தால் மழை பொழியும், நோய் நீங்கும் என்பது நம்பிக்கை. அங்கெலியவின் இறுதியிலும் சொல்லிய தகாத சொற்களால் வந்த தோஷம் நீங்கச் சாந்தி செய்யும் வழக்கம் உண்டு. வறட்சி நீங்கவேண்டும், அம்மை முதலிய நோய்கள் அகலவேண்டும் என்பதற்காகவே ஆட்டம் தொடங்கிற்று. மழை பெய்தால் வடசேரி வயலிலும் பெய்யும், தென்சேரி வயலிலும் பெய்யும். வென்றவருக்கு மட்டும் உரிய பரிசு என்று அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. பயன் இருவருக்கும் பொது என்று தெரிந்தே இருவரும் எதிரெதிராய் நின்றனர்.

இவ்வளவும் கூறியபின், குறைகளையும் கூறாது விடுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. மலைநாட்டு அங்கெலியக் களத்திற்குப் பெண்கள் செல்லும் வழக்கம் இருக்கவில்லை. பெண் தெய்வத்தின் பெயரால் நிகழ்ந்த ஆட்டத்திற் பெண்களுக்கு இடமின்மை முரண்பாடேயாகும். எல்லை வகுத்திருந்தபோதிலும் எல்லை மீறியவர் இல்லாமற் போகவில்லை. பாட்டு அடிதடியாக மாறுவதும் உண்டு. நோய் தீர வைத்தியசாலையும் வயல் விளையக் கால்வாயும் வந்த பின்னர், சடங்கின் தேவை குறைந்தது. இருபதாம் நூற்றாண்டில் இவ்விளையாட்டு மெல்ல மெல்ல அருகிற்று. பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' போன்ற நூல்கள் கீழைக்கரை வழக்காறுகளைத் தொகுத்துக் காத்திராவிடில், பின்வந்தோர்க்குப் பெயர்கூட எஞ்சியிராது. அண்மை ஆண்டுகளில் மட்டக்களப்பிற் கொம்புமுறியை விழாக்களில் மீண்டும் நிகழ்த்திக் காட்டும் முயற்சிகள் நடைபெற்றிருக்கின்றன.

இனி உலகின் பிற பகுதிகளையும் சற்றே நோக்குவோம். அமெரிக்காவில், எறிந்தாற் சுழன்று பறக்கும் வட்டத்தட்டைக் கொண்டு ஆடும் ஒரு விளையாட்டு உண்டு. தட்டெறி கோல்ப் எனலாம். 1975இற் கலிபோர்னியா மாநிலத்தின் ஓக் குரோவ் பூங்காவில் அதற்கு நிலையான முதல் ஆடுகளம் அமைந்தது. அதனை அமைத்த எட் ஹெட்றிக் என்பவரே 1976இல் அவ்விளையாட்டுக்கு ஒரு சங்கத்தையும் நிறுவினார். மரங்களுக்கிடையே தட்டை எறிந்து, தொலைவில் நாட்டிய கம்பத்திலுள்ள சங்கிலிக் கூடையில் விழச் செய்யவேண்டும். குறைந்த எறிகளில் முடிப்பவர் வென்றவர்.

அந்த ஆட்டத்திற் பெரும்பாலும் நடுவர் உடன் செல்வதில்லை. ஒன்றாக ஆடும் மூவரோ நால்வரோ ஒருவர்க்கொருவர் கணக்கெழுதிக்கொள்வர். கூடைக்கு மிகத் தொலைவில் எவருடைய தட்டுக் கிடக்கிறதோ அவர் முதலில் எறிவார். ஒருவர் எறியும்போது மற்றவர் பேசாது, அசையாது, அவர் பார்வையில் விழாது ஒதுங்கி நிற்பர். முன்னே செல்லும் குழுவினர் தட்டுச் சென்று விழும் எல்லையைக் கடக்கும்வரை பின்னே வருபவர் பொறுத்திருப்பர். ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்கிப் பிரிவர். நம் நாட்டுப் போர்த்தேங்காய்க்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் நடுவர் இல்லாத இடத்தில் ஆடுபவரே ஒருவர்க்கொருவர் நடுவராக இருத்தல் வேண்டும் என்னும் நெறி இரண்டிலும் ஒன்றாக விளங்குகிறது.

நடுவர் இருக்கும் ஆட்டத்திலும் இந்நெறி சிற்சில வேளைகளில் ஒளிவிடுவதுண்டு. 1980ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் பம்பாயில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடிய கிரிக்கெட் ஆட்டத்தை நேயர்களிற் பலர் அறிவர். இங்கிலாந்து ஐந்து விக்கெட்டுகளை 58 ஓட்டங்களுக்கு இழந்து தத்தளித்த நேரம். பொப் ரெய்லர் ஆட்டமிழந்தார் என்று நடுவர் தீர்ப்பளித்தார். பந்து மட்டையிற் படவில்லை என்று உணர்ந்த இந்திய அணித்தலைவர் குண்டப்பா விஸ்வநாத், தீர்ப்பை மீட்டுக்கொள்ளுமாறு நடுவரைக் கேட்டு, ரெய்லரைத் திரும்ப அழைத்தார். ரெய்லரும் இயன் பொத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் குவித்தனர். இந்தியா பத்து விக்கெட்டுகளால் தோற்றது. அன்று வென்ற அணியைப் பற்றிப் பேசுவோர் சிலர். தோற்ற தலைவரின் பெருந்தன்மையைப் பற்றி இன்றும் பேசுவோர் பலர். வள்ளுவர் சொன்ன உரைகல்லில் அவர் தம்மைத் தாமே உரைத்துக் காட்டினார்.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? கொம்பை மீண்டும் ஊர்தோறும் இழுக்கவேண்டும் என்று நான் கூற வரவில்லை. வசைப்பாட்டை மீட்கவேண்டும் என்று எவரும் கூறார். ஆயினும் அவ்விளையாட்டின் உள்ளமைப்பு நமக்கு இன்றும் உதவும். நம் நாட்டுப் பாடசாலைகளில் ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டி நடைபெறுகிறது. மாணவர் தாம் சேரும் இல்லத்தைத் தாமே தெரிவதில்லை. அதிபரும் ஆசிரியரும் பிரித்துவிடுகின்றனர். ஒரே வாங்கில் இருக்கும் இரு நண்பர் எதிரெதிர் இல்லங்களுக்குச் செல்கின்றனர். சிவப்புக் கொடியும் நீலக் கொடியும் ஏந்தி ஒரு வாரம் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கின்றனர். இஃது உடுபிலவும் யட்டிபிலவும் புதுச்சட்டை அணிந்து வந்தது போன்றதே.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பழைய ஊரார் ஆட்டத்தைத் தொடங்குவதற்குச் செய்த முயற்சியளவு அதனை முடித்துவைப்பதற்கும் செய்தனர். குளிர்த்தி நிறைவேறும்வரை சடங்கு முற்றுப்பெற்றதாகக் கொள்ளவில்லை. நாமோ வெற்றிக் கேடயம் கொடுத்தவுடன் ஒலிபெருக்கியைக் கழற்றிவிடுகிறோம். தோற்ற இல்லத்துப் பிள்ளைகள் எவ்வாறு வீடு செல்கின்றனர் என்பதை நோக்குவார் சிலரே. கேடயம் பெற்ற இல்லத்தார் தோற்ற இல்லத்தாரின் கூடாரத்துக்குச் சென்று அவர்களோடு தேநீர் அருந்திப் பிரியட்டும். மைதானத்திற் சிதறிய குப்பையை இரு இல்லத்தாரும் சேர்ந்தே பெருக்கட்டும். போட்டிக்கு மறுநாட் காலைக்கூட்டத்தில் தோற்ற இல்லத்தின் தலைவனே வென்றவரைப் பாராட்டி நான்கு சொற்கள் பேசட்டும். செலவில்லாத இச்சிறு ஒழுங்குகள் ஒரு பிள்ளைக்குத் தோற்கக் கற்றுக்கொடுக்கும். தோற்கக் கற்றவன் பிற்காலத்தில் தேர்தலில் தோற்றாலும், வழக்கிலே தோற்றாலும், வேலிச் சண்டையிலே தோற்றாலும் அயலவன் வீட்டுக்குக் கல்லெறிய மாட்டான்.

நம் நாடு நெடுங்காலம் இருபக்கமாய் நின்று கயிறிழுத்து, 1983 தொடங்கி 2009 வரை பெருந்துயரில் அழுந்திய நாடு. பண்டை விளையாட்டு ஒன்று நாட்டின் வினாக்களுக்கெல்லாம் விடை தரும் என்று கருதுதல் பேதைமை. ஆயினும் மகாவலியின் இரு கரைகளிலும் தமிழரும் சிங்களவரும் ஒரே தேவியின் பெயரால், ஒரே விளையாட்டை, ஏறத்தாழ ஒரே விதிகளோடு ஆடினர் என்பது வரலாறு. இழுக்கும்போது முழு வலிமையோடு இழுத்தனர். கொம்பு முறிந்தபின் கயிற்றை அவிழ்க்கவும் அறிந்திருந்தனர். இழுப்பதற்கு இன்றைய பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்கவேண்டியதில்லை. அவர்கள் இயல்பாகவே இழுப்பர். கயிற்றை எப்போது, எப்படி அவிழ்ப்பது என்பதை அவர்கள் நம்மைப் பார்த்தே பழகவேண்டியிருக்கிறது.